"எப்ப?" என்று கேட்டுப் பாருங்கள்: ஆங்கிலத்தின் பிறெசென்ற் பேர்ஃபெக்ற்

யாழ்ப்பாணத்து வீட்டுக்கு நண்பகலில் யார் போனாலும் முதலில் வருகிற கேள்வி "சாப்பிட்டிட்டியளோ?" என்பதுதான். "ஓம், சாப்பிட்டிட்டன்" என்று பதில் சொல்கிறோம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எங்கே சாப்பிட்டோம் என்று அந்தக் கேள்வி விசாரிக்கவில்லை. இப்போது உங்களுக்குக் கோப்பை வைக்கலாமா என்பதே அதன் கருத்து. நடந்து முடிந்த செயல்தான், ஆனால் பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வருகிற வடிவம்தான் பிறெசென்ற் பேர்ஃபெக்ற்: "ஹாவ் யூ ஈற்றன்?" "யெஸ், ஐ ஹாவ்."

ஆகவே இந்தக் காலம் நமக்குப் புதிய பொருள் அல்ல. தமிழும் ஆங்கிலமும் சில இடங்களில் ஒன்றாகப் போகின்றன, மூன்று இடங்களில் பிரிகின்றன. பிழைகளில் பெரும்பங்கு அந்த மூன்று இடங்களிலேயே விழுவதால் இந்தக் கட்டுரையில் அவற்றுக்கே அதிக இடம் கொடுக்கிறோம்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழெழுத்தில் நம் ஊர் வழக்கப்படி எழுதியிருக்கிறோம். சொல்லின் நடுவிலும் முடிவிலும் "ற்" என்று வந்தால் "ரீ" எழுத்தின் வல்லொலி; "ட்" என்று வந்தால் "டீ" எழுத்தின் மெல்லிய ஒலி. "ரென்", "ரைம்ஸ்" போல "ர" தொடங்கினாலும் அதே "ரீ" ஒலிதான்; "றன்", "றீட்" போல "ற" தொடங்கினால் "ஆர்" எழுத்தின் ஒலி. வாசித்த கையோடு ஒவ்வொரு வாக்கியத்தையும் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்.

முதலில் அமைப்பு

"ஹாவ்" அல்லது "ஹாஸ்", அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம். இவ்வளவுதான். ஹீ, ஷீ, இற், ஒருமைப் பெயர் ஆகியவற்றுக்கு ஹாஸ். மற்ற எல்லாவற்றுக்கும் ஹாவ். இதில் தடுக்குகிற இடங்கள் சில உண்டு. "எவ்றிபடி" எல்லோரையும் குறித்தாலும் ஒருமை, ஆகவே "எவ்றிபடி ஹாஸ் கம்". "வன் ஒஃப் த ஸ்ரூடென்ற்ஸ்" என்று தொடங்கினால் கண் பக்கத்தில் உள்ள பன்மையைப் பார்த்து ஹாவ் போட்டுவிடும். எழுவாய் "வன்" என்பதால் ஹாஸ்தான் சரி. "பீப்பிள்", "பொலிஸ்" இரண்டும் பன்மை: "த பொலிஸ் ஹாவ் கம்."

மூன்றாம் வடிவத்தைப் பலரும் "கோ, வென்ற், கோன்" என்று பாட்டாகப் பாடமாக்குகிறார்கள். பாடமாகும், ஆனால் பேசும்போது உதவாது. பாட்டில் "வென்ற்" முன்னுக்கு நிற்பதால் நாக்கு முதலில் அதையே எடுக்கும், "ஐ ஹாவ் வென்ற்" என்று வந்து விழும். இதைவிட மூன்றாம் வடிவத்தை ஹாவ் என்ற சொல்லோடு ஒட்டியே மனதில் ஏற்றுங்கள்: "ஹாவ் கோன், ஹாவ் சீன், ஹாவ் டன், ஹாவ் ரேக்கன், ஹாவ் றிற்றன்." ஒரே மூச்சில் சொல்லும் ஒரு சொல்லாக அது பழக வேண்டும். நாளுக்கு ஐந்து வினை எடுத்தால் இரண்டு கிழமையில் எழுபது வினை. அன்றாடப் பேச்சுக்கு அது தாராளம்.

வினைகளைக் கூட்டமாகப் பிரித்தால் சுமை குறையும். "கற், புற், ஹிற், ஷற்" மூன்று வடிவத்திலும் மாறாதவை. "கம், பிகம், றன்" நடுவில் மட்டும் மாறி, மூன்றாவதில் முதல் வடிவத்துக்கே திரும்பிவிடும். அதனால் "ஹாவ் கேம்" பிழை, "ஹாவ் கம்" சரி. "டிறிங்க், சிங், பிகின், சுவிம்" ஆகியவற்றில் உயிரொலி இரண்டு முறை மாறும்: "டிறிங்க், டிறாங்க், டிறங்க்", "பிகின், பிகான், பிகன்". "றீட்" என்ற வினை எழுத்தில் மாறாது, ஒலியில் மாறும்: "ஹாவ் றெட்".

ஒழுங்கான வினைகள் "ஈடீ" சேர்ந்து முடியும். அந்த முடிவு மூன்று விதமாக ஒலிக்கும்: "வொஷ்ற்", "கிளீன்ட்", "வொன்ரிட்". தனி அசையாக "இட்" கேட்பது, மூல வினை "ரீ" அல்லது "டீ" ஒலியில் முடியும்போது மட்டுமே. "வொஷ்ஷிட்", "குக்கிட்" என்று நீட்டிச் சொன்னால் கேட்பவருக்கு வேறு சொல்லாகத் தோன்றும்.

எதிர்மறையில் "ஹாவ்ன்ற்", "ஹாஸ்ன்ற்" வரும், வினை மூன்றாம் வடிவத்திலேயே நிற்கும். "டிட்ன்ற்" வந்தால் முதல் வடிவம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பி "டிட்ன்ற் சீன்" என்றும் "ஹாவ்ன்ற் சீ" என்றும் எழுதப்படுகின்றன. கேள்வியில் ஹாவ் முன்னுக்கு ஏறும்: "ஹாஸ் ஷீ ஃபினிஷ்ற்?" பதிலும் அதே சொல்லால்தான்: "யெஸ், ஷீ ஹாஸ்." இதற்கு "யெஸ், ஷீ டிட்" என்று பதில் சொல்வது பேச்சில் அடிக்கடி வருகிற சறுக்கல்.

தமிழ் விடும், ஆங்கிலம் விடாது

இதுதான் முதலாவது பிரிவு, மிகப் பெரியதும்கூட.

"கண்டிருக்கிறன்" என்பதில் "இரு" நிற்கிறது, "ஐ ஹாவ் சீன்" என்பதில் ஹாவ் நிற்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணத் தோன்றும். பாதி தூரம் அது சரி. ஆனால் தமிழில் "போன வருசம் அவரைக் கண்டிருக்கிறன்" என்று தயங்காமல் சொல்லலாம். ஆங்கிலத்தில் "ஐ ஹாவ் சீன் ஹிம் லாஸ்ற் இயர்" என்பது பிழை. "ஐ சோ ஹிம் லாஸ்ற் இயர்" என்றுதான் சொல்ல வேண்டும்.

காரணம் இது. தமிழ் "இரு" பல வேலை செய்கிறது. விடிய எழும்பி ஈர முற்றத்தைப் பார்த்துவிட்டு "ராத்திரி மழை பெய்திருக்கு" என்கிறோம். நாம் மழையைக் காணவில்லை. ஈரத்தைக் கண்டு ஊகிக்கிறோம். அந்த ஊகத்தையும் "இருக்கு" சுமக்கிறது. ஆங்கிலத்தின் ஹாவ் அப்படி அல்ல. அது செயலை இன்றோடு முடிச்சுப் போடுகிற சொல். முடிந்துபோன ஒரு நேரத்தை வாக்கியத்துக்குள் வைத்தவுடன் செயல் அந்த நேரத்தோடு கட்டுண்டு விடுகிறது, இன்றோடு உள்ள முடிச்சு அவிழ்கிறது. ஆகவே "இற் ஹாஸ் றெயின்ட்" என்று நேரம் சொல்லாமல் நிறுத்தலாம். "லாஸ்ற் நைற்" என்று சேர்க்க வேண்டுமென்றால் "இற் றெயின்ட் லாஸ்ற் நைற்". ஊகத்தையும் காட்ட வேண்டுமானால் "இற் மஸ்ற் ஹாவ் றெயின்ட் லாஸ்ற் நைற்".

சோதனை எளிது. எழுதிய வாக்கியத்தைப் பார்த்து "எப்ப?" என்று கேளுங்கள். அதற்கு விடை அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறதா? அந்த விடை முடிந்துபோன நேரமா? இரண்டுக்கும் ஓம் என்றால் ஹாவ் போடாதீர்கள். "யெஸ்ரடே", "லாஸ்ற் வீக்", "ரூ டேஸ் அகோ", "இன் 2019", "வென் ஐ வொஸ் ஸ்மோல்", "அற் சிக்ஸ் ஓ குளொக்" எல்லாம் முடிந்த நேரங்கள். "வென்" என்று தொடங்கும் கேள்வியும் அந்த வகைதான்: "வென் டிட் யூ கம்?" சரி, "வென் ஹாவ் யூ கம்?" பிழை.

நம் ஊர்ப் பேச்சில் "கண்டனான்", "போனனான்" என்ற வடிவமும் உண்டு. அதை ஆங்கிலப்படுத்தும்போது இன்னும் கவனம் வேண்டும். "நேற்றுக் கண்டனான்" என்றால் "ஐ சோ". "ஓம் ஓம், அந்த இடத்துக்கு நான் போனனான்" என்று காலம் குறிக்காமல் சொன்னால் "ஐ ஹாவ் பீன் தெயர்". வினைமுடிவை வைத்து முடிவெடுக்க இயலாது, "எப்ப?" என்ற கேள்விதான் பிரித்துத் தரும்.

முடியாத நேரம் என்றால் நிலைமை வேறு. "ருடே", "திஸ் வீக்", "திஸ் இயர்" இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் ஹாவ் போடலாம். நல்லூர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நாள் நடக்கும். பத்தாம் திருவிழாவன்று ஒருவர் "ஐ ஹாவ் பீன் ரு நல்லூர் திறீ ரைம்ஸ் திஸ் ஃபெஸ்ரிவல்" என்று சொல்லலாம். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, எண்ணிக்கை கூடலாம். தீர்த்தமும் முடிந்து மணல் வீதி வெறிச்சோடிய பிறகு அதே மூன்று முறையை "ஐ வென்ற் ரு நல்லூர் திறீ ரைம்ஸ்" என்றே சொல்ல வேண்டும். செயல் அதே செயல்தான். அதைச் சுற்றியிருந்த காலம் மூடிவிட்டது. "திஸ் மோர்ணிங்" என்பதும் இப்படி இரண்டு பக்கமும் போகும். காலமை பத்து மணிக்கு "ஐ ஹாவ் ஹாட் ரூ ரீஸ் திஸ் மோர்ணிங்" சரி. பின்னேரம் நான்கு மணிக்கு அந்தக் காலமை முடிந்த கதை. "ஐ ஹாட்" போதும்.

மனிதருடைய ஆயுளும் இப்படியொரு காலம்தான். உயிரோடிருக்கும் எழுத்தாளர் ஒருவரை "ஹீ ஹாஸ் றிற்றன் ரென் புக்ஸ்" என்று சொல்லலாம், பதினொன்றாவதை எழுதக்கூடும். ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தவர். அவரைப் பற்றி "நாவலர் றோற் மெனி புக்ஸ்" என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவருடைய நூல்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆகவே "ஹிஸ் புக்ஸ் ஹாவ் பீன் றீபிறின்ரிட் மெனி ரைம்ஸ்" முழுக்கச் சரி. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றியும் இப்படியே இரண்டு வாக்கியம் எழுதலாம்: "த லைபிறறி வொஸ் பேர்ண்ற் இன் 1981. இற் ஹாஸ் பீன் றீபில்ற்." எரித்ததற்கு ஆண்டு சொல்கிறோம், அதனால் இறந்தகாலம். மீளக் கட்டப்பட்ட கட்டடம் இன்று கண்முன் நிற்கிறது, அதனால் ஹாஸ்.

கதவைத் திறந்துவிட்டு உள்ளே போங்கள்

ஐஇஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பேச்சுப் பகுதியிலும் நேர்முகத் தேர்விலும் "ஹாவ் யூ எவர்" என்று தொடங்கும் கேள்விகள் வழக்கம். இங்கே ஒரு ஒழுங்கு உண்டு. முதல் பதில் ஹாவ் சொல்லோடு வரும். விபரம் சொல்லத் தொடங்கியதும் இறந்தகாலத்துக்கு இறங்கிவிட வேண்டும்.

"ஹாவ் யூ எவர் பீன் ரு டெல்ஃப்ற்?" "யெஸ், ஐ ஹாவ். ஐ வென்ற் தெயர் லாஸ்ற் இயர். வீ ருக் த போற் ஃபிறொம் குறிகட்டுவான். த சீ வொஸ் றஃப். வீ சோ த வைல்ட் ஹோர்சஸ்."

நெடுந்தீவுக்குப் போன அனுபவம் உண்டா என்பது கேள்வி, அதற்கு ஹாவ். போன கதை தொடங்கியதும் வென்ற், ருக், சோ. கேள்வியில் ஹாவ் கேட்டதால் பதில் முழுவதையும் "வீ ஹாவ் ரேக்கன் த போற், வீ ஹாவ் சீன்" என்று இழுப்பது பெரிய பிழை. பத்திரிகைச் செய்தியும் இந்த ஒழுங்கிலேயே போகும்: முதல் வரி "த மினிஸ்ரர் ஹாஸ் எனௌன்ஸ்ற்", அடுத்த வரி "ஹீ செட் ஒன் மன்டே". நாளுக்கு ஒரு ஆங்கிலச் செய்தியை எடுத்து இந்த இறக்கம் எங்கே நடக்கிறது என்று கோடிட்டுப் பாருங்கள். விதியை மனப்பாடம் செய்வதை விட விரைவில் கைவரும்.

"பீன்", "கோன்" இரண்டையும் பிரிக்க நம் பேச்சே வழி காட்டும். "அக்கா கனடாவுக்குப் போட்டா" என்றால் ஆள் இங்கே இல்லை: "ஷீ ஹாஸ் கோன் ரு கனடா." "அக்கா கனடாவுக்குப் போய் வந்தவ" என்றால் திரும்பிவிட்டா: "ஷீ ஹாஸ் பீன் ரு கனடா." உங்களைப் பற்றி நீங்களே "ஐ ஹாவ் கோன் ரு கொழும்பு" என்று கண்டி நண்பரிடம் சொன்னால், இங்கே நிற்பவர் எப்படி அங்கே போனார் என்று அவர் யோசிப்பார்.

"மூன்று வருசமா இருக்கிறன்"

இரண்டாவது பிரிவு. தமிழில் தொடங்கி இன்னும் நடப்பதை நிகழ்காலத்தில் சொல்கிறோம்: "மூன்று வருசமா இங்க இருக்கிறன்." சொல்லுக்குச் சொல் மாற்றினால் "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் திறீ இயர்ஸ்" என்று வரும். இதில் இரண்டு பிழை. முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் நிலைக்கு ஆங்கிலம் ஹாவ் கேட்கும். மூன்று வருசம் என்ற நீளத்துக்கு சின்ஸ் பொருந்தாது. "ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபோர் திறீ இயர்ஸ்" சரி.

ஃபோர், சின்ஸ் இரண்டையும் பிரிக்க "தொடக்கம்" என்ற நம் சொல் அருமையான உதவி. "2019 தொடக்கம்", "காலமை தொடக்கம்", "கலியாணம் முடிஞ்சது தொடக்கம்": தொடக்கம் போடக்கூடிய இடமெல்லாம் சின்ஸ். "மூன்று வருசமா", "இரண்டு மணித்தியாலமா", "கனகாலமா" என்று "ஆ" ஏறுகிற இடமெல்லாம் ஃபோர். "மூன்று வருசம் தொடக்கம்" என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஒவ்வாமை காதில் இருக்கட்டும், "சின்ஸ் திறீ இயர்ஸ்" தானாகவே நின்றுவிடும்.

செயல் இடைவிடாமல் ஓடுகிறது என்று காட்ட "ஹாவ் பீன்" போட்டு "இங்" வினை சேர்க்கலாம்: "காலமை தொடக்கம் மழை பெய்யுது" என்பது "இற் ஹாஸ் பீன் றெயினிங் சின்ஸ் மோர்ணிங்." அறிதல், விரும்புதல், உடைமை போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகளுக்கு இந்த "இங்" ஒட்டாது. "அவரைப் பத்து வருசமாத் தெரியும்" என்றால் "ஐ ஹாவ் நோன் ஹிம் ஃபோர் ரென் இயர்ஸ்". "பீன் நோயிங்" இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஒருவரிடம் "வந்து எவ்வளவு நாள்?" என்று கேட்க "ஹவ் லோங் ஆர் யூ ஹியர்?" என்று தொடங்காதீர்கள். அது "எவ்வளவு நாள் நிற்கப்போறியள்?" என்று பொருள்படும், "நீ எப்ப போவாய்" என்ற சாயலும் தட்டலாம். "ஹவ் லோங் ஹாவ் யூ பீன் ஹியர்?" என்று கேளுங்கள்.

வேலை விண்ணப்பத்தில் இந்த வேறுபாடு நேரடியாகப் பாதிக்கும். "ஐ ஹாவ் வேர்க்ற் அஸ் அ ரீச்சர் ஃபோர் திறீ இயர்ஸ்" என்று மட்டும் எழுதினால் இன்னும் அந்த வேலையில் இருக்கிறீர்கள் என்றே பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். விட்டுவிட்டீர்களென்றால் "ஐ வேர்க்ற் அஸ் அ ரீச்சர் ஃபிறொம் 2018 ரு 2021." தொடக்கமும் முடிவும் சொன்ன காலத்துக்கு ஹாவ் வராது. தொடர்ந்து வேலை செய்கிறீர்களென்றால் "ஐ ஹாவ் வேர்க்ற் அஸ் அ ரீச்சர் சின்ஸ் 2018."

"வரேல்லை" என்ற ஒரே சொல்

மூன்றாவது பிரிவைப் பலர் கவனிப்பதே இல்லை. "வந்தது", "வந்திருக்கு", "வந்திட்டுது" என்று உடன்பாட்டில் தமிழ் நுணுக்கமாகப் பிரிக்கிறது. எதிர்மறைக்கு வந்ததும் பெரும்பாலும் எல்லாம் "வரேல்லை" என்ற ஒன்றில் போய்ச் சேர்கிறது. ஆங்கிலத்திலோ பிரிவு அப்படியே நிற்கிறது.

பஸ் தரிப்பிடத்தில் நின்று கொண்டு "பஸ் வரேல்லை" என்றால் இன்னும் எதிர்பார்க்கிறீர்கள்: "த பஸ் ஹாஸ்ன்ற் கம்." காத்திருந்து சலித்து ஓட்டோவில் வீடு வந்த பிறகு அதே "பஸ் வரேல்லை" என்பது "த பஸ் டிட்ன்ற் கம்." எழுதுமுன் கேட்க வேண்டியது: இனியும் நடக்கலாமா? நடக்கலாமென்றால் ஹாவ்ன்ற், அந்தச் சந்தர்ப்பம் போய்விட்டதென்றால் டிட்ன்ற். பாடசாலைக்கு இன்று வராத மாணவனை மாலையில் "ஹீ டிட்ன்ற் கம் ருடே" என்கிறோம், நாள் முடியாவிட்டாலும் பாடசாலை முடிந்துவிட்டது.

"இன்னும்" சேர்ந்தால் வேலை சுலபம், ஹாவ்ன்ற் நிச்சயம். "யெற்" வாக்கியத்தின் கடைசியில் நிற்கும்: "ஷீ ஹாஸ்ன்ற் கோல்ட் யெற்." சலிப்பைக் காட்ட "ஸ்ரில்" போடலாம், அது ஹாஸ்ன்ற் சொல்லுக்கு முன்னால் நிற்கும்: "ஷீ ஸ்ரில் ஹாஸ்ன்ற் கோல்ட்." "முந்தியே" என்பதற்கு "ஓல்றெடி", "இப்பதான்" என்பதற்கு "ஜஸ்ற்", இரண்டும் ஹாவ் சொல்லுக்கும் வினைக்கும் நடுவில். "ஜஸ்ற் நௌ" என்று "நௌ" சேர்த்தால் மட்டும் "ஐ சோ ஹிம் ஜஸ்ற் நௌ" என்று இறந்தகாலம் வரும். "நெவர்" ஏற்கனவே எதிர்மறை. அதோடு ஹாவ்ன்ற் சேர்க்க வேண்டாம்.

அமெரிக்கர்கள் "டிட் யூ ஈற் யெற்?", "ஐ ஓல்றெடி டிட்" என்று இறந்தகாலத்தில் பேசுவதைக் கேட்பீர்கள். அவர்கள் வழக்கில் அது சரி. நம் பாடநூல்களும் பரீட்சைகளும் பிரித்தானிய முறையைத் தழுவியவை என்பதால் எழுதும்போது ஹாவ் போடுங்கள். பேச்சில் ஹாவ் முழுதாகக் கேட்காது: "ஐவ் டன்", "தேவ் கோன்". "ஹீஸ்" என்று கேட்டால் அது ஹாஸ் ஆகவும் இஸ் ஆகவும் இருக்கலாம். பின்னால் "பீன்", "ஈற்றன்" வந்தால் ஹாஸ், "இங்" வினை வந்தால் இஸ்.

கொப்பியை மூடுவதற்கு முன் ஆறு வாக்கியம். தமிழை மட்டும் வாசித்து, நீங்களே எழுதிவிட்டு, பிறகு அடுத்ததைப் பாருங்கள்.

"திறப்பு துலைஞ்சு போச்சு", இன்னும் கிடைக்கவில்லை: "ஐ ஹாவ் லொஸ்ற் மை கீ."

"தம்பி காலமை தொடக்கம் படிக்கிறான்": "மை பிறதர் ஹாஸ் பீன் ஸ்ரடியிங் சின்ஸ் மோர்ணிங்."

"போன மாசம் வவுனியாவில அவவைக் கண்டிருக்கிறன்": "ஐ சோ ஹேர் இன் வவுனியா லாஸ்ற் மன்த்." இங்கே ஹாவ் போட்டிருந்தால் "எப்ப?" சோதனையை மறந்துவிட்டீர்கள்.

"அவையள் இன்னும் வெளிக்கிடேல்லை": "தே ஹாவ்ன்ற் லெஃப்ற் யெற்."

"அப்பா சந்தைக்குப் போட்டார்": "ஃபாதர் ஹாஸ் கோன் ரு த மார்க்கற்."

"அம்மம்மா கடைசிவரை வெளிநாடு போகேல்லை", அவ இப்போது உயிரோடு இல்லை: "மை கிறான்மதர் நெவர் வென்ற் அப்றோட்."